மாணவர் பந்தயத்தில் பிறந்த பொம்மசந்திரா கார்

சில்க் போர்டில் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கும் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2010 ஜனவரியில்தான் திறந்தது. அதற்கு முன்பு ஓசூர் ரோடு வழியாக பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு குட்டிக் கார் நினைவிருக்கும். லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே சத்தம் போடாமல் ஊர்ந்து போகும். இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பின்சீட்டில் சிறுபிள்ளைகள்தான் அடங்குவார்கள். நீளம் 2.64 மீட்டர், மாருதி 800-ஐ விடவும் அரை மீட்டருக்கு மேல் குட்டை. அதுதான் ரேவா. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிற பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் தயாராகி, 2001-ல் விற்பனைக்கு வந்த மின்கார்.

ரேவாவின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெட்ரோல் விலையில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் நகரத்துப் புகையில். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தக் காருக்கு வேர் வேறொரு இடத்தில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் தங்கள் கையால் கட்டிய மின்கார்களை நெடுஞ்சாலையில் ஓட்டிப் போட்டிபோட்ட ஒரு கோடைகாலத்தில் அது முளைவிட்டது. மாணவர் பந்தயம் என்றால் கல்லூரி விழாவில் வைக்கும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்றும் அதிகம். ஓசூர் ரோட்டின் கடந்த ஐம்பது வருட வரலாறு அவர்களுக்குச் சரியான பதில்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். 1970-களின் நடுவில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்ற இரண்டு கிராமங்களைச் சுற்றி இருந்தது விவசாய நிலம். கர்நாடக அரசு தொடங்கிய கியானிக்ஸ் நிறுவனத்தின் முதல் தலைவரான ஆர்.கே. பாளிகா, 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிலுக்கென்றே ஒரு நகரம் அமைக்க வேண்டும் என்று சொன்னபோது பலருக்கு அது எட்டாத கனவாகத் தெரிந்தது. 1978-ல் எலெக்ட்ரானிக் சிட்டி உருவானது. இன்ஃபோசிஸ் இங்கே வந்தது 1990-களில். ‘சிட்டி’ என்றாலே மென்பொருள்தான் என்று பெயர் வாங்குவதற்கு முன்பே, இங்கும் பக்கத்து பொம்மசந்திராவிலும் லேத் பட்டறைகளும் வெல்டிங் ஷெட்டுகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் வேரூன்றிவிட்டன. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டின் இரு பக்கமும் இரும்பை வளைக்கவும் துளைக்கவும் பற்றவைக்கவும் தெரிந்த கைகள் நிறைய இருந்தன. அவற்றில் கணிசமானவை தமிழ் பேசும் கைகள். ஒரு காரைப் புதிதாக உருவாக்கப் பார்க்கிறவருக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடைக்காது.

இனி பந்தயம்.

1982 டிசம்பரில் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப் என்ற சாகசக்காரர், கார் பந்தய வீரர் லாரி பெர்கின்ஸோடு சேர்ந்து, சூரிய ஒளியில் மட்டுமே ஓடும் ஒரு வண்டியில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்து கிளம்பினார். சிட்னி போய்ச் சேர 20 நாளானது, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். மற்றவர்களும் இதைச் செய்து பார்க்கட்டுமே என்று அவர் தொடங்கியதுதான் உலக சோலார் கார் போட்டி. 1987-ல் நடந்த முதல் போட்டியில், வடக்கே டார்வினில் இருந்து தெற்கே அடிலெய்டு வரை 3,000 கிலோமீட்டரை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய ‘சன்ரேசர்’ சராசரியாக மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து ஜெயித்தது. பெரிய கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் மோதிய அதே சாலைக்கு, டார்வினில் இருக்கும் ட்ரிப்ஸ்டோன் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் தொடக்க ஆண்டுகளிலேயே தாங்கள் கட்டிய காரோடு வந்து நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகள்தானே என்று யாரும் அவர்களுக்குத் தனியாக ஒரு சிறு மைதானம் ஒதுக்கிவைக்கவில்லை. வெயிலும் சாலையும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தன.

ஜெயித்த ஜெனரல் மோட்டார்ஸ் அடுத்து செய்த காரியம்தான் நம் கதைக்கு முக்கியம். கல்லூரிகளுக்கென்று ஒரு பந்தயத்தை அது ஏற்பாடு செய்தது. 1990 ஜூலையில் ஃப்ளோரிடாவில் இருந்து மிச்சிகன் வரை, 2,600 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ‘சன்ரேஸ்’. 32 பல்கலைக்கழக அணிகள் கலந்துகொண்டன. முதலிடம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ‘சன்ரன்னர்’ காருக்கு. முதல் மூன்று இடம் பிடித்த அணிகளை ஜெனரல் மோட்டார்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் டார்வினில் கிளம்பிய சன்ரன்னர், சுவிட்சர்லாந்தின் பீல் கல்லூரி மாணவர்களின் காருக்கும் ஹோண்டாவின் காருக்கும் அடுத்ததாக மூன்றாவது இடத்தில் அடிலெய்டைத் தொட்டது. அந்த மிச்சிகன் அணியில் பெங்களூரில் பிறந்து வளர்ந்த, இருபது வயதான ஒரு மெக்கானிக்கல் மாணவர் இருந்தார். பெயர் சேத்தன் மைனி.

ஆஸ்திரேலியப் பந்தயம் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு வண்டி கிளம்பும். சாயங்காலம் ஐந்து மணி அடித்ததும், சாலையில் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். ஊர் இருக்காது, மின்கம்பம் இருக்காது, சிவப்பு மண்ணும் குத்துச்செடியும்தான். நிறுத்திய நிமிடமே பத்துப் பேர் ஓடிவந்து மேல்பலகையைக் கழற்றி, சாயும் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்கள். இருட்டும்வரை கிடைக்கும் கடைசி வெளிச்சம்கூட பேட்டரிக்குள் போக வேண்டும். விடியற்காலையில் மறுபடியும் அதே வேலை. பகலில் ஓட்டுபவர் படுத்த வாக்கில், காற்று சரியாக வராத ஒரு கூண்டில் வெந்துகொண்டிருப்பார். எதிரே மூன்று நான்கு டிரெய்லர்களைக் கோத்து இழுத்துவரும் ராட்சத லாரி கடந்து போனால், அதன் காற்று இந்த இறகுக் காரைச் சாலையை விட்டே தள்ளப் பார்க்கும். பின்னால் வரும் வேனில் உட்கார்ந்திருப்பவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்: மேகம் வருகிறதா, ஏற்றம் வருகிறதா, இப்போது வேகத்தைக் கூட்டினால் நாளை மதியம் பேட்டரியில் எவ்வளவு மிஞ்சும்?

இத்தனைக்கும் அந்தக் காருக்குக் கிடைக்கும் மின்சாரம், வீட்டில் ஒரு இஸ்திரிப் பெட்டி தின்கிற அளவுதான். ஒன்று, ஒன்றரை கிலோவாட். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும் என்பதை மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். பேட்டரி மீட்டரின் முள் சரிவதைப் பார்த்துக்கொண்டே பாலைவனத்தில் அதை அனுபவித்தவர்கள் பிறகு மறக்கமாட்டார்கள். எடையைக் குறை, உராய்வைக் குறை, இருப்பதைக் கணக்காகச் செலவு செய். சோலார் பந்தயம் கற்றுக்கொடுத்த பாடம் முழுக்க இதுதான்.

1990 இன்னொரு வகையிலும் திருப்புமுனை. ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் ‘இம்பாக்ட்’ என்ற மின்கார் மாதிரியைக் காட்டியது. செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் காற்றுத் தர வாரியம், 1998-க்குள் பெரிய கம்பெனிகள் விற்கும் கார்களில் 2 சதவீதம் புகையே விடாதவையாக இருக்க வேண்டும் என்று விதி போட்டது. மின்கார் ஒரு தொழிலாக முடியும் என்ற நம்பிக்கை அப்போது பலருக்கும் வந்தது. மிச்சிகனுக்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டில் மேல்படிப்பு முடித்த மைனி, கலிஃபோர்னியாவில் அமெரிகான் என்ற கம்பெனியில் சேர்ந்தார். மின்வண்டித் தொழில்நுட்பத்தில் இறங்கியிருந்த அந்தக் கம்பெனிக்கும் பெங்களூர் மைனி குழுமத்துக்கும் கூட்டு உண்டாகி, 1994-ல் ரேவா எலெக்ட்ரிக் கார் கம்பெனி பிறந்தது. தந்தை சுதர்சன் மைனி 1970-களில் தொடங்கிய குழுமம் நுட்பமான உதிரிபாகங்களும், தொழிற்சாலைக்குள் சரக்கு இழுக்கும் பேட்டரி வண்டிகளும் செய்துகொண்டிருந்தது. காருக்குத் தாயின் பெயரையே வைத்தார்கள்.

இந்தியாவில் அதற்கு முன் மின்காரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1993-ல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு பேர் உட்காரும் மின்கார் அறிமுகமானது. எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா தொழில்நுட்பத்தோடு கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் அதைச் செய்தது. விற்பனை சொற்பம், சீக்கிரமே நின்றுபோனது. கோவைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெருமை கைநழுவிப் போனதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

ரேவா ஏன் நிலைத்தது என்பதற்குக் காரணத்தை அதன் உடம்பிலேயே பார்க்கலாம். கார் கம்பெனிகள் தகட்டை ராட்சத அச்சில் அழுத்தி பாடியைச் செய்யும். அந்த அச்சுக்கே கோடிக்கணக்கில் ஆகும். லட்சம் கார் விற்றால்தான் கட்டுப்படியாகும். பொம்மசந்திராவில் இரும்புக் குழாய்களை வளைத்து, பற்றவைத்து, ஒரு கூண்டாக்கினார்கள். அதன்மேல் நிறம் ஊறிய ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பலகைகளைப் பூட்டினார்கள். லேசாக இடித்தால் பலகை நசுங்கிப்போகாது, துரு பிடிக்காது. மாணவர் அணிகள் பந்தயக் காரைக் கட்டும் வழியும் இதுவேதான்: குழாய்க் கூண்டு, மேலே ஒட்டுப் பலகை. பட்டறையில் பத்துப் பேர் கட்டுகிற அந்த முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்ததில்தான் ரேவாவின் சாமர்த்தியம் இருந்தது. ஆண்டுக்குச் சில நூறு கார் விற்றாலும் கம்பெனி மூச்சுவிட முடிந்தது.

முன்சீட்டுக்கு அடியில் ஆறு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் எட்டு, சேர்த்து 48 வோல்ட். காரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவைதான். முழு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓடும். ஆரம்ப மாடலின் உச்ச வேகம் மணிக்கு 65. வீட்டில் ஏ.சி.க்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கே சார்ஜ் செய்யப் போதும். பிரேக் போடும்போது வண்டியின் வேகத்தில் கொஞ்சத்தை மின்சாரமாக்கித் திரும்ப பேட்டரிக்கு அனுப்பும் வசதி இருந்தது. பேட்டரிகளின் நிலையைக் கண்காணித்து, இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று கணக்குச் சொல்லும் கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது. டார்வின் சாலையில் பின்னால் வந்த வேனில் மாணவர்கள் போட்ட அதே கணக்கை, இங்கே ஒரு சின்னப் பெட்டி போட்டது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டரை லட்சத்தைத் தாண்டிய விலைக்கு ஒரு முழு பெட்ரோல் காரே கிடைத்தது. சில வருடத்துக்கு ஒருமுறை பேட்டரித் தொகுப்பை மாற்றும் செலவு வேறு. அரசு ஆதரவும் நிலையாக இருக்கவில்லை. ஆகவே ரேவாவுக்கு உண்மையான மவுசு கிடைத்தது வெளிநாட்டில். லண்டனில் 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் கார் நுழைந்தால் நாளுக்கு 5 பவுண்டு கட்டணம் என்றானபோது மின்கார்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் ரேவா லண்டன் தெருக்களில் இறங்கியது. 2007-ல் அங்கே நடந்த மோதல் சோதனையில் அதன் பாதுகாப்பு கடுமையான விமர்சனத்துக்கு ஆளானது. விமர்சனம் நியாயமானது. கம்பெனி அடுத்த மாடலில் கூண்டைப் பலப்படுத்தியது, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தது. 2010-க்குள் 24 நாடுகளில் 3,500-க்கும் மேற்பட்ட ரேவாக்கள் ஓடின. பொம்மசந்திராவின் ஒரு ஷெட்டில் இருந்து போன கணக்கு அது.

2009 செப்டம்பரில், ‘ஸ்பார்க்’ காரின் மின்வடிவத்தைச் சேர்ந்து செய்வதற்காக ஜெனரல் மோட்டார்ஸின் இந்தியப் பிரிவு ரேவாவோடு ஒப்பந்தம் போட்டது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்குப் பந்தயம் வைத்த கம்பெனி, அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டவரின் வாசலுக்குத் தொழில்நுட்பம் கேட்டு வந்தது. ஆனால் 2010 மே மாதம் மஹிந்திரா 55.2 சதவீதப் பங்கை வாங்கியதும் அந்த ஒப்பந்தம் முறிந்தது. 2012-ல் பொம்மசந்திராவிலேயே ஆண்டுக்கு 30,000 கார் செய்யக்கூடிய புதிய ஆலை வந்தது. 2013 மார்ச்சில் லித்தியம் பேட்டரியோடு ‘இ2ஓ’ வெளியானது. பந்தயமும் விட்டுப்போகவில்லை. 2014-ல் தொடங்கிய ஃபார்முலா ஈ மின்கார் பந்தயத்தில் மஹிந்திரா அணிக்காக முதல் வருடம் ஓட்டியவர்களில் ஒருவர் சென்னைக்காரரான கருண் சந்தோக். பெய்ஜிங்கில் நடந்த முதல் பந்தயத்தில் அவருக்கு ஐந்தாவது இடம்.

மைனி பந்தயத்தில் கலந்துகொண்ட 1990-ல் இந்தியாவில் மாணவர்களுக்கு அப்படி ஒரு மேடை இல்லை. அமெரிக்காவுக்குப் போனவருக்கே அது வாய்த்தது. இந்த வெற்றிடம் மெதுவாகத்தான் நிரம்பியது. 2003-ல் பெங்களூர் ஆர்.வி. பொறியியல் கல்லூரியில் ‘அஷ்வா’ பந்தய அணி உருவானது. 2011-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள பந்தயத் திடலில் மாணவர்களுக்கான ‘சுப்ரா’ போட்டி தொடங்கியது. பிறகு ‘ஃபார்முலா பாரத்’ வந்தது. அது கோவை செட்டிப்பாளையத்தில் கரிவர்தன் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. 1980-களின் இறுதியில் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் கட்டி, இளைஞர்களுக்குப் பந்தயத்தை எட்டும் விலையில் கொடுத்தவர் கரிவர்தன். அவர் பெயரிலான திடலில் மாணவர்கள் மின்கார் ஓட்டுவது பொருத்தமான விஷயம்.

அங்கே ஒரு மின்கார் திடலில் இறங்குவதற்கு முன் தாண்ட வேண்டிய சோதனைகளில் மழைச் சோதனை ஒன்று உண்டு. உயர் மின்னழுத்தத்தை உயிரோடு வைத்திருக்கும்போதே காரின்மேல் எல்லாப் பக்கமிருந்தும் இரண்டு நிமிடம் தண்ணீரைத் தெளிப்பார்கள். தெளிப்பு நின்றபின் இன்னும் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். எங்காவது ஒரு ஒயரில் ஈரம் புகுந்து மின்கசிவு ஏற்பட்டால், காப்புநிலையைக் கவனிக்கும் கருவி மின்சாரத்தை வெட்டிவிடும், சோதனை தோல்வி. ஒரு வருடம் ராப்பகலாக உழைத்த அணி அந்த நான்கு நிமிடமும் பேச்சு மூச்சில்லாமல் நிற்கும். இதில் தேறினால்தான் 75 மீட்டர் வேகச் சோதனைக்கும் 22 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்துக்கும் வழி. தேறாத அணிகள் பெட்டியைத் திறந்து, சீலைப் பிரித்து, பிசினைப் பூசி, மறுபடியும் வரிசையில் வந்து நிற்கின்றன. இப்படிக் கற்றுக்கொள்ளும் பாதுகாப்பு எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ரஃப்தார்’ அணி 2022 நவம்பரில் தன் முதல் மின்சார ஃபார்முலா காரை வெளியிட்டது. அதே வளாகத்தின் ‘அக்னிரத்’ அணி ‘ஆக்னேயா’ என்ற சோலார் காரைக் கட்டி, 2023 அக்டோபரில் டார்வின்–அடிலெய்டு போட்டிக்குக் கொண்டுபோனது. சன்ரன்னர் போன அதே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை, அதே எட்டு மணி, அதே ஐந்து மணி.

இந்த வரிசையில் இன்னும் காலியாக இருப்பது பள்ளிக்கூடத்தின் இடம். இங்கிலாந்தில் 1999-ல் குட்வுட் திடலில் தொடங்கிய ‘கிரீன்பவர்’ போட்டியில் ஒன்பது வயதுப் பிள்ளைகளே தாங்கள் பூட்டிய மின்காரில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். எல்லா அணிக்கும் ஒரே வகை 24 வோல்ட் மோட்டார், இரண்டு 12 வோல்ட் பேட்டரி. காசுள்ள பள்ளி பெரிய மோட்டார் வாங்கி முந்திவிட முடியாது. வண்டியின் வடிவமும் ஓட்டுபவரின் நிதானமும்தான் யார் ஜெயிப்பது என்று முடிவு செய்யும். இங்கே 2016-க்குப் பிறகு அடல் டிங்கரிங் லேப்கள் பல பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. நல்ல தொடக்கம்தான். ஆனால் அங்கே பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் மேசைமேல் ஓடும் மாடல்கள். தான் கட்டிய வண்டியில் தானே ஏறி உட்கார்ந்து, பாதி வழியில் பேட்டரி தீர்ந்து நிற்கிற அனுபவம் அதில் கிடைப்பதில்லை.

ஓசூர் ரோட்டில் இன்று இல்லாத பொருள் எதுவும் இல்லை. ஏத்தரின் ஸ்கூட்டர் ஆலை ஓசூரில் இருக்கிறது, ஓலாவினுடையது போச்சம்பள்ளி அருகே. 2025 ஆகஸ்டில் தொடங்கிய மெட்ரோவின் மஞ்சள் பாதை முடிகிற பொம்மசந்திரா நிலையத்தின் பெயரிலேயே, மின்வண்டி சார்ஜர் செய்யும் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. ஓசூர், ஆனேக்கல் பக்கத்து அரசுப் பள்ளிகளில் பத்து அணிகள், ஆளுக்கு ஒரே மாதிரியான ஒரு மோட்டார், இரண்டு பேட்டரி, வளைக்கக் கொஞ்சம் குழாய், ஞாயிற்றுக்கிழமையில் காலியாகக் கிடக்கும் ஒரு கம்பெனி பார்க்கிங். இங்கே ஒரு பள்ளிப் பந்தயம் நடத்த இவ்வளவுதான் வேண்டும். பற்றவைக்கக் கற்றுக்கொடுக்க, பொம்மசந்திராவில் ரேவாவின் கூண்டுகளைப் பற்றவைத்தவர்களையே கேட்கலாம்.